நொய்யல் ரோவர்ஸ் முடிந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லை

1

இந்தக் கிளப்பின் வரலாற்றை எழுதியே தீருவது என்று எனக்குத் தோன்றிய இடம், ஜெர்மனியில் ஆகன் நகரத்து ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்னக் கால்பந்து மைதானம்.

ஆகன் இந்த நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் பக்கத்து நாட்டில் விழித்துக்கொள்ளலாம். அக்கா கவிதா கல்யாணமாகி முன்பே இங்கே வந்துவிட்டாள். நான் நெசவுப் பொறியியல் படிக்க வந்து, நூற்பு இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவள் வீட்டுக்கு மேல்மாடியிலேயே குடியேறிவிட்டேன். சனிக்கிழமை காலை என்றால் அக்கா மகள் மகிழினிக்கு மேட்ச். பத்து வயது. இடது ஓரத்தில் ஓடுவாள். பந்து வராவிட்டாலும் ஓடுவாள்.

அன்று நல்ல உதை வாங்கித் தோற்றார்கள். பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அடுப்பில் வாட்டிய சாசேஜுக்கு வரிசையில் நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் ஸ்டெஃபான் நின்றார், மகியோடு ஆடும் ஒரு பெண்ணின் அப்பா. தன் அப்பாவுடைய கிளப் திவாலாகிக் கலைந்துபோய்விட்டது, ஆனாலும் அதன் ரசிகர்கள் இன்றைக்கும் பழைய மைதானத்துக் கேட்டில் கூடி ஆளுக்கொரு பியர் குடித்துவிட்டுக் கலைகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க கிளப் எது?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகி முந்திக்கொண்டாள். ஜெர்மனில், மென்றுகொண்டே: "அவங்க ஊர்ல கிளப்பெல்லாம் கிடையாது. வெறும் கிரிக்கெட்தான்."

அவங்க ஊர்.

"இருந்துச்சுடி!" என்று நான் தமிழில் கத்தியதில் சாசேஜ் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "உங்க பெரிய அப்புச்சி சோமனூர்ல இருக்காரில்ல, அவரே ஒரு கிளப்புக்கு முதலாளிகள்ல ஒருத்தர். நெஜமான கிளப். சம்பளம் வாங்குற பிளேயருங்க. வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்."

"பேரு?"

"நொய்யல் ரோவர்ஸ்."

மகி ஸ்டெஃபானின் போனை வாங்கித் தேடினாள். ஒன்றும் வரவில்லை. எழுத்தை மாற்றிப் போட்டும் வரவில்லை. "சித்தி, நீங்க சும்மா அடிச்சு விடறீங்க" என்றாள். கோபமில்லாமல், எனக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டு.

அந்த நிமிஷம்தான்.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் சிலருக்கு அந்த மஞ்சள் ஜெர்சி ஞாபகம் இருக்கலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது கிளப் ஆரம்பித்தது. மூன்று சீசன் ஆடியது. என் பெரியப்பா நாச்சிமுத்து சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருப்பவர். பீளமேட்டில் பம்ப்செட் தயாரிக்கும் ஜெகநாதன் மாமா, வீட்டில் தெலுங்கும் வெளியில் நம்மைவிடச் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழும் பேசுபவர், பெரியப்பாவின் கல்லூரிச் சேக்காளி. இருவரும் கேரளாவில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு கால்பந்து மேட்ச் பார்த்தார்கள். திரும்பும் வழியில் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டுவதற்குள் கிளப் வைப்பதென்று பேசி முடித்துவிட்டார்களாம். பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் என்று இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். யாருக்கும் ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒரு காரியத்தை எப்படி நடத்துவதென்று தெரியும்.

அதைத்தான் நான் இன்றைக்கும் வியக்கிறேன். ஸ்பான்சர், மார்க்கெட்டிங் என்று எதுவும் கிடையாது. அவரவர் கையில் இருந்தது வந்து இறங்கியது. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லுக்குப் பின்னால் கிடந்த மேட்டு நிலத்தை டிராக்டர் சமப்படுத்தியது. புல்லுக்குத் தண்ணீர் இறைக்க ஜெகநாதன் மாமாவின் மோட்டார். ஜெர்சி திருப்பூரிலிருந்து, துண்டு எங்கள் தறியிலிருந்து. இடைவேளையில் குடிக்க பொள்ளாச்சியிலிருந்து பிக்கப் வண்டி நிறைய இளநீர். அதிலும் ஒரு வழக்கம்: முதல் இளநீர் எதிரணிக்கு. ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்குத்தானே முதல் பந்தி! வந்த அணிகள் முதலில் சந்தேகப்பட்டு முகர்ந்து பார்த்தன. அடுத்த முறை வந்தபோது அவர்களே வண்டி எங்கே என்று கேட்டார்கள்.

ஹாஸ்டல் கட்டவில்லை. ஆட்டக்காரர்களை ஆளுக்கொரு வீட்டில் தங்கவைத்தார்கள். இது ஒரு வில்லங்கம். எந்த வீட்டு ஆள் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று வீடுகளுக்குள் போட்டி வந்துவிட்டது. மலப்புறத்திலிருந்து வந்த கோச் இரண்டாவது மாதத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ட பிளேயர்ஸ் எல்லாம் மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாங்க" என்று, பெரியப்பாவும் நாங்களும் ஒன்றாக இருந்த எங்கள் வீட்டு வாசலில் நின்று புலம்பினார். பெரியம்மா அவருக்கும் இலை போட்டுவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் குவாமே. கானா நாட்டுக்காரர், ஸ்ட்ரைக்கர். பட்டறைக்கு மேல் இருந்த அறையில் தங்கினார். கீழே தறிகள் அடிக்கிற அடியில் புது ஆள் தூங்க முடியாது. குவாமே ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அது மின்வெட்டுக் காலம். கரண்ட் போய்த் தறிகள் நின்ற நொடியில், திடீர் அமைதியில் திடுக்கிட்டு எழுந்து மாடிப்படியில் வந்து நிற்பார். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்பார். அவர் முதலில் கற்றுக்கொண்ட முழு வாக்கியம் அதுதான்.

மைதானத்துக் கூட்டம் இன்னொரு அதிசயம். வேறு ஊர் மைதானங்களில் ரெஃபரியை எப்படி எல்லாம் திட்டுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். எங்கள் கேலரியில் அதிகபட்சம் இதுதான்: "ஏனுங்க ரெஃபரி, கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா?" எதிரணிக் கோல்கீப்பரைப் பார்த்து, "சித்தெ ஒதுங்கி நில்லுங்க, வெயில் படுதில்ல" என்பார்கள். அவர் ஒதுங்கியதும் ஒரு சிரிப்பு எழும்.

ஆட்டம் சாதாரணமில்லை. முதல் சீசனில் உதை வாங்கினார்கள். இரண்டாவதில் நிமிர்ந்தார்கள். மூன்றாவதில், கால்பந்தையே மூச்சாகக் கொண்ட ஊர்களிலிருந்து வந்த பெரிய அணிகளைக் கோயமுத்தூர் வெயிலில் வைத்துத் தோற்கடித்தார்கள். நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் கடைசி மேட்ச் வரை வந்துவிட்டார்கள். ஜெயித்தால் முதல் நிலை. சோமனூரிலிருந்து வேன் வேனாக, புளிச்சோற்றுத் தூக்கோடு போனோம். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, முடியப்போகிற நேரத்தில் பெனால்டி கிடைத்தது. குவாமே அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அடுத்த நிமிடமே எதிரணி கோல் போட்டது.

பிறகு கிளப் இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. பெனால்டி போனது, அதனால் கிளப் போனது. பள்ளியில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

3

நடுவில் இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

என் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு அம்மாள். என் காகிதங்களைப் புரட்டினார். "நைன்" என்றார். இல்லை. காப்பீட்டுச் சான்று பழையது, புதிது வேண்டும். அடுத்த ஆள்! முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வெளியே வந்து நெடுநேரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். நம் ஊரில் இதையே, "பாத்துக்கலாமுங்க, நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, டீ குடிக்கறீங்களா?" என்று சொல்லியிருப்பார்கள். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன், நாளைக்கும் அதே பதில்தான் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தும்.

வேலையில் இது என்னை நேராகவே மாட்டிவிட்டது. ஒரு சோதனை ஓட்டத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியுமா என்று என் மேலாளர் கேட்டார். முடியாது. எந்த மனுஷராலும் முடியாது. நான் "பார்க்கலாம்" என்றேன், ஜெர்மனில், சிரித்தபடி. எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் கேட்டவர் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இவர் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளிக்கிழமை மதியம் வாடிக்கையாளரை வரச்சொல்லிவிட்டார்! அந்த வெள்ளிக்கிழமை எப்படிப் போயிற்று என்று எழுத எனக்குத் தெம்பில்லை. மேலாளர் மட்டும் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்: "இல்லை என்று ஏன் சொல்லவில்லை?"

மரியாதை என்று சொல்லலாம். எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்கத் தைரியமில்லை என்றும் சொல்லலாம்.

4

குவாமேயைக் கண்டுபிடிப்பது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கிளப்பின் பெயரைத் தேடினால்தான் ஒன்றும் வரவில்லை. அவர் பெயரைத் தேடியதும், நரைத்த தாடியோடு பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒரு மனிதர் வந்தார். ஹாம்பர்க். நான் இருக்கும் அதே நாடு! பழைய படங்களுக்கு நடுவே, மஞ்சள் ஜெர்சியில், எங்கள் பட்டறை மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்காய் கடிக்கும் ஒரு படம்.

ஆங்கிலத்தில் நாலு வரி அனுப்பினேன். குரல் செய்தியாகப் பதில் வந்தது.

"ஏனுங்க அம்மணி, நீங்க நாச்சிமுத்து அண்ணன் ஊட்டுப் புள்ளைங்களா? சைக்கிள்ல ரெட்டைச் சடை போட்டுட்டு வருவீங்களே, அந்தச் சின்னதுங்களா?"

பஸ்ஸில் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து எனக்குக் காகிதக் கைக்குட்டை கொடுத்தார்.

அன்று மாலையே பேசினோம். அவர் தமிழ் பாதி போய்விட்டது. மீதியை ஆங்கிலத்தில் நிரப்பினார். ஆனால் 'ங்க' மட்டும் ஒன்றுகூட உதிரவில்லை. என் காலடியில் மகி உட்கார்ந்து வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் அம்மாவைப் போலவே பேசுகிற ஒரு ஆப்பிரிக்கர். "இவரு நம்ம ஊரா சித்தி?" என்று காதருகே கேட்டாள். நம்ம ஊர் என்றதைக் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளப்பின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று குவாமேயிடம் சொன்னேன்.

"எழுதுங்க. ஆனா என்னப் பத்தி என்ன எழுதுவீங்க அம்மணி? அந்தப் பந்து உள்ள போயிருந்தா கிளப் இருந்திருக்குமுங்க. அத்தனை பேரு சோறு போட்டாங்க. நான் கம்பத்துல அடிச்சுப்போட்டேன்."

பிறகு சொன்னார். மேட்ச் முடிந்து சில நாளில் ஆனைமலைப் பக்கம், பங்குதாரரான தேங்காய் வியாபாரியின் தோப்பில் அணிக்குப் பெரிய விருந்து வைத்தார்கள். மூன்று வகைப் பாயசம். எல்லோரும் வேட்டி சட்டை. அடுத்த சீசன் எப்போது என்று ஆட்டக்காரர்கள் கேட்டதற்கு, "சாப்பிடுங்க, பாத்துக்கலாமுங்க" என்றே எல்லா முதலாளிகளும் சொன்னார்கள். பெரியப்பா மட்டும் ஒன்றும் பேசவில்லை. குவாமேயின் முகத்தையே பார்க்கவில்லை. இலையில் குனிந்தபடி இருந்தார். விடுமுறைக்கென்று குவாமே கானா போனார். பயணச்சீட்டு வரும் என்று காத்திருந்தார். கிளப் மேனேஜருக்குப் போன் போட்டால், "சொல்றோமுங்க, பாத்துட்டு இருக்கோமுங்க" என்பார். மலேசியாவிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது. எனக்குக் கிளப் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார். ஒரு சீசன் முழுக்க ஆடாமல் காத்திருந்ததில் ஓட்டம் போயிற்று. பிறகு யாரும் கூப்பிடவில்லை.

"கோவமில்லீங்க. பெனால்டி விட்டவன்கிட்ட அண்ணன் எப்பிடிப் பேசுவாருங்க? அவரு நல்லவருங்க, அதனால திட்டல. முகத்த மட்டும் திருப்பிக்கிட்டாரு."

பெரியப்பாவிடம் நீங்களே ஏன் போன் போட்டுக் கேட்கவில்லை என்றேன்.

"பயமுங்க. அவரு ஆமா, உன்னாலதான்னு சொல்லிட்டா?"

5

ஜெகநாதன் மாமாவுக்குப் போன் போட்டது வேறு விஷயத்துக்காக. அந்த மோட்டார் என்ன குதிரைசக்தி என்று கேட்கத்தான். நான் வரலாறு எழுதுகிறேன் என்றதில் மனிதருக்கு வாய் அடங்கவில்லை. புல் விதை எங்கிருந்து வந்தது, கோச்சைச் சம்மதிக்கவைத்தது எப்படி என்று கொட்டித் தள்ளினார். அந்த வேகத்திலேயே இதுவும் வந்துவிட்டது.

"கடைசி மேட்சு அன்னிக்கு எனக்கு ஒரே பயமாப்போச்சும்மா. ஜெயிச்சுப்போட்டா என்ன பண்றதுன்னு!"

"ஜெயிச்சா சந்தோஷம்தானே மாமா?"

"என்ன சந்தோஷம்? கிளப்ப மூடறதுன்னு முந்தின மாசமே முடிவு பண்ணியாச்சே. நூல் வெலை ஏறிக் கெடக்கு, கரண்டு நாள்ல பாதி இல்ல, பட்டறை பூராம் நின்னு கெடக்குது. உங்க பெரியப்பா ஆபீசுல உக்காந்துதான் பேசுனோம். பசங்க மனசு சங்கடப்படாம ஆடட்டும், முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னுதான் உட்டோம். ஜெயிச்சு மேல போயிட்டா எந்த மூஞ்சிய வெச்சு இல்லேன்னு சொல்றது? அந்தப் பந்து கம்பத்துல பட்டப்போ நான் 'அப்பாடா'ன்னேன். பொறகு என்னைய நானே அடிச்சுக்கலாமுன்னு இருந்துச்சு."

"முடிஞ்சப்புறம் சொன்னீங்களா?"

போனில் பம்ப் கம்பெனியில் எங்கோ சுத்தியல் சத்தம்.

"விருந்து வெச்சமே" என்றார் மெதுவாக. "நாச்சிமுத்து சொல்லுவான்னு நான் இருந்தேன். நான் சொல்லுவேன்னு அவன் இருந்திருப்பான்."

அவரவருக்கு ஒரு நியாயம் இருந்தது. யாரும் கெட்டவர் இல்லை. ஒரு கிளப்பைத் தொடங்க அவ்வளவு அழகாகக் கை சேர்த்தவர்கள், அதை மூடுவதற்கான ஒரே ஒரு வாக்கியத்தை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்டார்கள். அந்த வாக்கியம் தரையில் விழுந்துவிட்டது. கானாவிலிருந்து ஹாம்பர்க் வரை ஒருவர் இத்தனை வருஷம் அதைத் தன் காலில் சுமந்துகொண்டிருக்கிறார்.

நானே குவாமேயைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் இதை என் வாயால் கேட்டால் அவருக்குப் பாதிதான் போய்ச் சேரும் என்று பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான் சொல்லவேண்டும்.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். குவாமே நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன்.

"அய்யோ சாமி" என்றார். "அவன் மேலயா? அந்தக் கண்ணு மேல எனக்கென்ன கோவம்? எனக்கு அவன் மூஞ்சிய நிமிந்து பாக்க முடியல கண்ணு. பொய்யி சொல்லி ஆட உட்டுப்போட்டு எப்பிடிப் பாக்கறது?"

"அதையே அவர்கிட்டச் சொல்லுங்க பெரியப்பா."

"ம்... பாக்கலாங்கண்ணு."

"பெரியப்பா. நீங்க பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நானும் அந்த ஊட்டுலதான் வளந்தேன்."

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "இங்க குடுங்க அந்தப் போன! ஞாயித்துக்கெழமை பேசுவாருன்னு சொல்லிப்போடு அம்மணி. நான் புடிச்சு உக்கார வெக்கறேன். பன்னெண்டு மொழம் பாவு நூலு இழுக்கற மனுசனுக்கு ஒரு வார்த்த இழுக்க முடியலையாமா?"

6

ஞாயிறு. வீடியோவில் மூன்று சதுரங்கள்: சோமனூர், ஹாம்பர்க், ஆகன். எங்கள் சதுரத்தில் அக்கா, நான், நடுவில் மகி.

குவாமே வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பெரியப்பா புதுச் சட்டை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"ஏனுங்ணா, சௌக்கியமுங்களா?"

"நல்லாருக்கேன் கண்ணு. சோறு உண்டாச்சா?"

"ஆச்சுங்ணா. நீங்க?"

"ஆச்சு. அங்க மழையா?"

மழை. குளிர். தேங்காய் விலை. குவாமேயின் மனைவி, இரண்டு பெண்கள். பட்டறையில் இப்போது ஆட்டோலூம் தறி வந்துவிட்டது. பெரியம்மாவின் முட்டி வலி. ஹாம்பர்க்கில் முருங்கைக்காய் கிடைக்கும், ஆனால் அது வேட்டி காயப்போடும் கொடிக்கயிறு மாதிரி நாராக இருக்கும். பெரியப்பாவின் முட்டி வலி. நான் மேஜைக்கு அடியில் அக்காவின் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை பேச்சு நின்றபோதும் பெரியப்பா இன்னொரு நலம் விசாரித்தார். பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் போனார்.

கேட்டது குவாமேதான். எங்கள் வீட்டில் மூன்று வருஷம் இருந்தவர் இல்லையா? காத்திருந்தால் வராது என்று அவருக்குத் தெரியும்.

"ஏனுங்ணா. ஒண்ணு கேக்கறேன். அந்தப் பந்து உள்ள போயிருந்தா, கிளப் இருந்திருக்குமுங்களா?"

பெரியப்பா மேலே பார்த்தார். பெரியம்மாவின் கை திரைக்குள் வந்து அவர் தோளைத் தொட்டது.

"இல்லீங்க" என்றார். அதுவரை கண்ணு என்றவர். "இருந்திருக்காதுங்க. முந்தின மாசமே மூடறதுன்னு முடிவு பண்ணிட்டோம். உன்னால ஒண்ணும் போகல. நீ நூறு கோல் போட்டிருந்தாலும் மூடித்தான் இருப்போம்."

குவாமே அசையவில்லை. திரை உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவர் பின்னால் இருந்த திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

"நான் பெனால்டிக்குப் போறப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்பவும் எந்திரிச்சுக் கை தட்டுனீங்க. நான் பாத்தேனுங்க."

"தட்டுனேன். அந்தப் பந்து உள்ள போகோணும்னுதான் தட்டுனேன். கிளப்பு இருக்கோ இல்லியோ, நீ போடோணும்னு இருந்துச்சு." பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "சொல்லாம உட்டது தப்புங்க. சொல்லியிருந்தா நீ மலேசியா போயிருப்ப."

குவாமே எழுந்து போய்விட்டார். ஹாம்பர்க் சதுரத்தில் காலி நாற்காலி மட்டும் இருந்தது. மகி என்னைப் பார்த்தாள். "சித்தி, கட் பண்ணிடலாமா?" என்றாள். பெரியப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. "இருக்கட்டும் சாமி. அவன் வர்ற வரைக்கும் நான் இருக்கேன்" என்றார். இருந்தார். நாங்களும் இருந்தோம். அங்கே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது குவாமேயின் முகம் ஈரமாக இருந்தது. சிரிப்பு இல்லை.

"எனக்கு இன்னைக்குக் கோவமுங்ணா. நேத்து வரைக்கும் இல்லீங்க. இன்னைக்கு இருக்குது."

"கோவிச்சுக்கோ கண்ணு. கோவிச்சுக்கோணும்."

"கொஞ்ச நாள் கோவமா இருப்பேனுங்க."

"இரு. நானே போன் போடறேன். நீ எடுக்கலீன்னாலும் போடறேன்."

குவாமே தலையாட்டினார். பிறகு கேட்டார்: "சண்முகத்துக்குச் சொன்னீங்களா? நம்ம கோல்கீப்பருக்கு? மணிப்பூர்ப் பசங்க ரெண்டு பேரு இருந்தாங்களே, அவங்களுக்கு?"

பெரியப்பா துண்டை எடுத்து மடித்து மடித்து வைத்தார். யாருக்கும் சொல்லவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

"அம்மணி," என்று குவாமே என் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் பேசினார், ஒவ்வொரு சொல்லாக. நீ இதுவரை முதலாளிகளிடம் கேட்டாய். அவர்கள் மோட்டார் கதையும் புல் கதையும் சொன்னார்கள். அது நல்ல கதை, அதையும் எழுது. ஆனால் அந்தத் தோப்பில் என்னோடு பாயசம் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எதையோ நினைத்துக்கொண்டிருப்பார்கள். கோல்கீப்பர் சண்முகம்தான் கேப்டன். அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா?

தெரியாது.

7

கிளப் எப்போது முடிந்தது என்று வரலாற்றில் ஒரு தேதி போடவேண்டும். எனக்கு அதுதான் சிக்கலாக இருந்தது. கடைசி மேட்ச் நாளா? அதற்கு முந்தின மாதம், பெரியப்பாவின் ஆபீசில் பேசிய நாளா? தோப்பு விருந்தா? யோசித்துப் பார்த்தால், யாரும் வாய்திறந்து அறிவிக்காத கிளப் இன்னும் முடியவே இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் அது தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. குவாமேக்கு மட்டும்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கிறது.

அவர்கள்மேல் எனக்கு வியப்பு குறையவில்லை. இன்றைக்கும் அந்த மைதானம், அந்த மோட்டார், எதிரணிக்குக் கொடுத்த முதல் இளநீர் எல்லாம் எனக்குப் பெருமைதான். மகியிடம் சொல்லும்போது குரல் தன்னால் ஏறுகிறது. இந்த மனிதர்கள் இவ்வளவு செய்தார்கள் என்றால், விட்டுப்போன ஒன்றையும் செய்துவிட முடியும்.

பெரியப்பாவும் அதையே நினைத்திருக்கிறார் போல. திங்கட்கிழமை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார். வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை.

"சண்முகம் நம்பர் ஜெகநாதன் வெச்சிருக்கான். ஆனைமலைலதான் இருக்கானாம், பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு. ஞாயித்துக்கெழமை நீயே வீடியோவப் போட்டுக் குடு. நான் சொல்றேன். ஜெகநாதனையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன். அவன் இந்தவாட்டி தப்பிக்கக் கூடாது."

"என்ன சொல்வீங்க பெரியப்பா?"

"முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுவேன். மொதல்ல அதைய. பொறகுதான் சோறு உண்டாச்சான்னு கேப்பேன்."